அம்பாசடர் ரேடியேட்டர் ஒழுகுது: பவுடரா, ஈயமா, அலுமினியமா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்திரை வெயிலில் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வரும்போது, கிருமாம்பாக்கம் தாண்டுவதற்குள் இரண்டு தடவை ஓரங்கட்டி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதாயிற்று. வண்டி 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் போட்ட பழைய அம்பாசடர். அதிலிருந்து ஒரு மாதம் இதே வேலையாக அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். ஹோஸ் கிளிப், வாட்டர் பம்புக்கு அடியில் இருக்கும் சின்ன ஓட்டை, எஞ்சின் பிளாக் பக்கவாட்டில் ஓட்டையை மூடும் துருப்பிடித்த தகட்டு மூடி (டம்மி பிளக்), எல்லாமே ஒழுகும். வெளியே ஒரு சொட்டுகூட இல்லாமல் தண்ணீர் குறைந்து, ஆயில் மோர் கலரில் இருந்தால் அது பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் தகடு) போனதால், அந்தச் செலவு வேறு. எனக்கு ரேடியேட்டர்தான். மேல் டேங்க் ஓரத்தில் ஒன்று, கோர் (மேல் டேங்குக்கும் கீழ் டேங்குக்கும் நடுவில் தண்ணீர் ஓடும் மெல்லிய ட்யூப்கள் இருக்கும் பகுதி) நடுவில் ஒன்று.

லீக் அடைக்கும் பவுடர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வழியில் நின்றுவிட்டால் வீடு வந்து சேர உதவும். லாரிக்காரர்கள் மஞ்சள்தூள் போடுவதும் இதே கணக்குதான், நானும் போட்டிருக்கிறேன். ஆனால் ஒழுகும் ஓட்டையை அடைக்கும் பொருள், ஒழுகாத ட்யூபை மட்டும் விட்டுவைக்குமா? பட்டறையில் மேல் டேங்கைக் கழற்றிய பெரியவர் உள்ளே பார்த்துவிட்டு, "தம்பி, சாம்பார் வச்சீங்களா இதுல?" என்றார். பாதி ட்யூப் அடைத்திருந்தது.

மிச்சம் இரண்டு. புது அலுமினிய ரேடியேட்டர் வாங்கி மாட்டுவது, அல்லது பழைய பித்தளை ரேடியேட்டரையே கோர் மாற்றி ஈயம் வைத்து எடுப்பது. நான் பித்தளைப் பக்கம் போனேன், அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

அலுமினியம் எடை குறைவு. உலோகமாகப் பார்த்தால் வெப்பத்தைக் கடத்துவதில் செம்புதான் மேல், ஆனால் அலுமினியத்தில் அகலமான ட்யூப் வைக்க முடிவதால் குளிர்ச்சியில் குறை சொல்ல முடியாது. என் வண்டியில் மாட்டிப் பார்த்ததில்லை. நண்பர் ஒருவர் மாட்டி ஒன்றரை வருஷமாக நிம்மதியாக ஓட்டுகிறார்.

அப்படியும் நான் வாங்காததற்கு ஒரே காரணம் நம்ம ஊர்த் தண்ணீர். இந்தக் கரையோரம் பல இடங்களில் நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது, வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிவதை வீட்டில் எல்லோரும் பார்த்திருப்போம். நல்ல கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் மட்டுமே ஊற்றுவேன் என்றால் அலுமினியம் தாங்கும். ஆனால் பழைய வண்டி. மத்தியான வெயிலில் வழியில் நின்றால் டீக்கடைக் குடத்தில் இருக்கும் போர் தண்ணீரைத்தான் ஊற்றுவோம். அந்த உப்பு அலுமினியத்தில் ஊசிமுனை அளவுக்குக் குழி குழியாக அரிக்கும். மெல்லிய ட்யூப் ஓட்டையானால் அதை அடைக்கத் தனி வெல்டிங் தெரிந்த ஆள் வேண்டும், பிளாஸ்டிக் டேங்க் வைத்தது வெடித்தால் பெரும்பாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். பித்தளையிலும் உப்பு படியும், ட்யூப் அடைக்கும், ஈயம் வைத்த இடமும் நாளாக ஆக அரிக்கும். ஆனால் டேங்கைச் சூடுகாட்டிப் பிரித்து, ட்யூபுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, திரும்ப ஈயம் வைத்து மூடிவிடலாம். இந்த வேலை தெரிந்தவர்கள் கடலூரிலும் இருக்கிறார்கள், புதுச்சேரியிலும் இருக்கிறார்கள். இன்னும் பத்து வருஷம் கழித்தும் இருப்பார்களா என்பது மட்டும்தான் எனக்குள்ள பயம், இப்போதே பட்டறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது.

கோர் மாற்றினால் பட்டறையிலேயே நின்று ஒன்றைப் பார்த்துவிடுங்கள். இரண்டு வாயையும் அடைத்து, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கச் சொல்லுங்கள். குமிழி வரக்கூடாது. எனக்கு முதல் தடவை கீழ் டேங்க் மூலையில் வந்தது, அங்கேயே திரும்ப ஈயம் வைத்தார்.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. இத்தனை அலைச்சலுக்கும் மூலகாரணம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் ஏதோ புதுக் காரின் மூடியைப் போட்டிருந்தார். புதுக் கார் மூடி அதிக அழுத்தத்தில்தான் திறக்கும், பழைய பித்தளை டேங்கின் ஈயப் பற்று அதற்கு முன்பே வாயைப் பிளந்துவிடும். இப்போது அம்பாசடருக்கு உரிய குறைந்த அழுத்த மூடி போட்டிருக்கிறேன்.

இரண்டு கோடை ஓடியிருக்கிறது, இதுவரை சொட்டு இல்லை. டிக்கியில் இரண்டு லிட்டர் பேட்டரி தண்ணீர் எப்போதும் கிடக்கும், போர் தண்ணீர் ஊற்றும் நிலைமை இன்னும் வரவில்லை.