7 மீட்டர் ஏசாயாவைத் திரையில் வாசிக்கலாம், காசு வேண்டாம்

எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகமும் கூகுளும் சேர்ந்து 2011-இல் திறந்த சவக்கடல் சுருள்கள் தளம் இது. இதில் எடுத்தவுடன் பார்க்க வேண்டியது பெரிய ஏசாயா சுருள், அதாவது பைபிளின் ஏசாயா புத்தகத்தை எபிரெயத்தில் எழுதிய பழைய தோல்சுருள். 1947-இல் சவக்கடலோரக் கும்ரான் குகையில் கிடைத்தது, கிட்டத்தட்ட 7.3 மீட்டர் நீளம், மேலிருந்து கீழாக வரிகள் அடுக்கிய 54 பத்திகள் (column), 66 அதிகாரங்களும் உண்டு. எருசலேமுக்கே போனாலும் அருங்காட்சியகத்தின் சுருள் மாளிகை நடுமண்டபத்தில் பார்க்கக் கிடைப்பது நகல்தான், அதனால் தோலின் தையல் வரை பெரிதாக்கிப் பார்க்க இந்தத் தளமே மேல்.

எனக்கு மிகவும் பிடித்தது 32-ஆம் பத்தி. நம் பைபிளில் 39-ஆம் அதிகாரம் முடிந்து, ஒரு மூச்சு விட்டு 40-க்குப் போகிறோம். இந்த அதிகார எண்களெல்லாம் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. சுருளிலோ, உன் வீட்டிலுள்ள எல்லாம் பாபிலோனுக்குப் போகும் என்று யூதா அரசன் எசேக்கியாவிடம் ஏசாயா சொல்லி முடிக்க, அதே பத்தியின் கடைசி வரியிலேயே "என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்" தொடங்கிவிடுகிறது. நடுவில் எருசலேம் விழுந்து, ஆலயம் எரிந்து, ஒரு தலைமுறை அந்நிய மண்ணில் கழிந்திருக்கிறது, சுருளைப் படியெடுத்து எழுதியவர் அதற்கு ஒரு வரிகூட இடம் விடவில்லை!

அப்படியே இடப்பக்கமாக நகர்த்திக்கொண்டு 44:22 வரை வாருங்கள். முதல் அதிகாரத்தில் "உங்களைக் கழுவிச் சுத்திகரியுங்கள்" என்று கண்டிப்பாகப் பேசியவர், இங்கே பாவங்களைக் கார்மேகம்போல் அகற்றிவிட்டேன் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் "என்னிடத்தில் திரும்பு" என்கிறார். மனந்திரும்பினால்தான் மன்னிப்பு என்றே பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த வரிசையைக் கொஞ்சம் நின்று கவனிக்கலாம். 55:7-இல் மறுபடி திரும்பினால் மன்னிப்பு என்று வரிசை மாறுகிறது என்பதும் உண்மை, இரண்டையும் ஒரே புத்தகம் வைத்துக்கொண்டிருக்கிறது.

40:7-8-ஐயும் விட்டுவிடாதீர்கள். "புல் உலர்ந்து பூ உதிரும்" இரண்டு முறை வருவதால் எழுதியவர் கண் தாவி, நடுவிலிருந்த சொற்கள் விட்டுப்போய்விட்டன. பிறகு வேறொருவர் வரிகளுக்கு இடையிலும் ஓரத்திலுமாக அவற்றை நுழைத்திருக்கிறார். அப்படி நுழைத்த சொற்களில் கர்த்தரின் பெயர் வரும் இடத்தில் நாலு புள்ளி மட்டும்.

சரி, குறை என்ன? வசனத்தைத் தொட்டால் ஆங்கில மொழிபெயர்ப்பு வரும், தமிழ் இல்லை. எபிரெயம் தெரியாதவர்கள் பக்கத்தில் தமிழ் பைபிளைத் திறந்து வைத்துக்கொள்ளத்தான் வேண்டும், இல்லையென்றால் அழகான பழைய தோலைப் பார்த்துவிட்டு மூடிவிடுவீர்கள். போனில் முயல வேண்டாம், விரலுக்குள் பத்தி தொலைந்துபோகும், கணினிதான் சரி. வேதபாட வகுப்பு நடத்துகிறவர்கள் 32, 33 இரண்டு பத்திகளை மட்டும் புரொஜெக்டரில் போட்டாலே ஒரு வகுப்பு ஓடிவிடும். ஐந்துக்கு நாலு தருகிறேன்.