கோப்பி வறுக்கும் உருளையில் வெப்ப உணரியை எங்கே பொருத்துவது?

யாழ்ப்பாணத்து வீடுகளில் கோப்பிக் கொட்டையைத் தாச்சியில் வறுத்து, மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்து அரித்து வைத்த காலத்தில் நிறமும் மணமும் வெடிக்கும் ஓசையுமே அளவுகோல்களாக இருந்தன. அகப்பை பிடித்தவரின் கண் கொட்டையை விட்டு விலகாததால் அவை போதுமானவையாகவும் இருந்தன. காஸ் அடுப்பின் மேல் சுழலும் மூடிய உருளையில் 250 கிராம் அளவில் வறுக்கத் தொடங்கியவருக்கு நிறம் தெரிவதில்லை என்பதால், கண்ணின் வேலையை வெப்ப உணரியே ஏற்க வேண்டியுள்ளது. ஆனால் ஒரே உணரி, ஒரே வறுவலில், இடம் மாறினால் வேறு எண்ணைக் காட்டும். விலை கூடிய உணரியைத் தேடுவதை விட அதற்கான இடத்தைச் சரியாகத் தெரிவதே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து.

முதலாவது தெரிவு, முன் தட்டில் துளையிட்டு உணரியின் நுனியைக் கொட்டைக் குவியலுக்குள் நிறுத்துவது. குவியல் உருளையின் நடு அடியில் கிடப்பதில்லை. முன்னிருந்து பார்க்கையில் உருளை வலஞ்சுழியாகச் சுழன்றால் கொட்டை இடப்பக்கம் ஏறிக் குவியும். மணிக்கூட்டு முகத்தில் ஏழுக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட இடம் அது. இடஞ்சுழியெனில் நாலுக்கும் ஐந்துக்கும் இடையில். எதிர்த்திசையில் சுழலும் உருளைக்குரிய வரைபடத்தைப் பார்த்து நான் இட்ட முதல் துளை, நுனியைக் கொட்டை குறைந்த பக்கத்தில் நிறுத்தியது. அந்த உணரி பல வாரங்களாகக் காற்றின் வெப்பத்தையே கொட்டையின் வெப்பமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆகவே துளையிடுமுன், தீ மூட்டாமல், முழு அளவுக் கொட்டையுடன் உருளையைச் சுழலவிட்டுக் குவியலின் இடத்தைக் கண்ணாற் கண்டு குறித்துக்கொள்ள வேண்டும்.

உணரியின் தடிப்பும் இங்கேயே முடிவாகிறது. உணரியின் உலோக உறை வழியே வெப்பம் முன் தட்டுக்குக் கடத்தப்பட்டு அளவீடு பிழைக்காதிருக்க, விட்டத்தின் பத்து மடங்காவது உள்ளே நுழைந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. 6 மில்லிமீற்றர் உணரிக்கு அது 60 மில்லிமீற்றர். சிறிய உருளையில் அந்த ஆழம் கிளறும் தகடுகளில் மோதும். 1.5 மில்லிமீற்றர் உணரி விரைவாகப் பதிலளித்தாலும் கொட்டை வந்து மோதும் வேகத்தில் வளையக்கூடும். 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள கே வகை வெப்பவிணையே (இரு வேறு உலோகக் கம்பிகளை இணைத்துச் செய்த உணரி) வீட்டுக்குப் பொருந்தும். தடித்த உணரியின் தாமதம் சிறிய குறையன்று: முதல் வெடிப்பின், அதாவது கொட்டைகள் முதன்முறை ஓசையுடன் வெடிக்கும் கட்டத்தின், பின் நிமிடத்துக்கு 8 பாகை வீதம் ஏறும்போது உணரி 20 செக்கன் பின்தங்கினால், திரையிலுள்ள எண் ஏறத்தாழ 3 பாகை குறைவாக இருக்கும். கொட்டையை இட்டதும் எண் சரிந்து, திரும்பி ஏறுவதும் இதே தாமதத்தின் விளைவுதான். அறை வெப்பத்தில் உள்ளே போன கொட்டை ஒருபோதும் குளிர்வதில்லை, சூடேறியிருந்த உணரியே இறங்கி வருகிறது.

இரண்டாவது தெரிவு, காற்று வெளியேறும் வழியில் பொருத்துவது. இது கொட்டையை அளப்பதில்லை; பெரும்பாலும் கொட்டையின் எண்ணிலும் உயர்ந்தே நிற்கும். காற்றோட்டத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ எண் மாறும். வறுக்கையில் உதிரும் மெல்லிய வெள்ளித்தோலும் எண்ணெய்க் கரியும் படிந்தால் மந்தமாகும் என்பதால் அடிக்கடி துடைக்கவும் வேண்டும். எனினும் நம் ஊரில் இதற்கு ஒரு தனிப் பயன் உண்டு. சோளகம் வீசும் மாதங்களில் திறந்த பின்குசினியில் தீ ஒருபக்கம் சாயும்போது, அதைக் காற்று உணரி முதலிற் சொல்லும்; கொட்டை உணரி சொல்லும்போது ஏறும் வேகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். மின்சூடாக்கி உடையோருக்கும் இது பொருந்தும்: 230 வோல்ற் 207 ஆக இறங்கினால் மின்னழுத்தக் குறைவு 10 வீதமே, சூடாக்கியின் வலு இழப்போ 19 வீதம். இரண்டு துளை இட இயலுமானால் இரண்டாவது இதற்கே உரியது. ஒன்றுதான் எனில் குவியலுக்கே.

உருளைக்கும் தீக்கும் இடையில் வைக்கும் உணரி தீயின் போக்கையன்றி வேறெதையும் அறிவிப்பதில்லை. தொடாமலே வெப்பம் அளக்கும் அகச்சிவப்பு மானியோ மினுங்கும் உலோகத்தின் மீது நோக்கினால் உண்மையிலும் மிகக் குறைவாகக் காட்டும். வறுவலைக் கட்டுப்படுத்த அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பொருத்துமுன் உணரியைக் கொதிநீரில் சோதிப்பது நன்று. கடல்மட்டத்தை ஒட்டிய எங்கள் குடாநாட்டில் அது 100 பாகையைக் காட்ட வேண்டும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பொருத்திய பின், ஒரே கொட்டையை ஒரே நிறையில் மூன்று முறை வறுத்து, முதல் வெடிப்பு கேட்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பலருடைய உருளைகளில் அது 196 பாகையை அண்டியிருக்கும். உங்களுடையதில் 188 ஆயினும் குற்றமில்லை. மூன்று எண்களும் இரண்டு பாகைக்குள் ஒத்திருந்தால் இடம் சரி. சிதறினால், முதலில் கொட்டையின் நிறையைப் பாருங்கள்: 250 கிராமுக்கு அமைத்த இடத்தில் 100 கிராம் இட்டால் நுனி குவியலில் மூழ்காது.