முட்டைக்கோஸ் வெட்டியோடு எட்டு ஆண்டுகள்

பாரிஸ் புறநகர்ப் பழம்பொருள் சந்தை ஒன்றில் 180 யூரோ கொடுத்து வாங்கிய பிரெஞ்சுக் குறுவாள் இது, 1831ஆம் ஆண்டு மாதிரி. பீரங்கிப் படையினரும் காலாட்படையினரும் இடுப்பில் தொங்கவிட்டது. ரோமானியப் படைவீரர்களின் குட்டை வாளான கிளாடியஸைப் பார்த்துச் செய்ததென்று பார்த்த உடனே தெரிந்துவிடும். அலகு சுமார் 48 சென்டிமீட்டர், பிடியோடு சேர்த்து 64.

சிப்பாய்கள் இதற்கு வைத்த பட்டப்பெயர் 'கூப்-ஷூ', அதாவது முட்டைக்கோஸ் வெட்டி. கேலியில் நியாயம் இருக்கிறது. கைப்பிடியும் குறுக்குக் கட்டையும் ஒரே வார்ப்பாகப் பித்தளையில் ஊற்றியவை. கனம் முழுவதும் கைப்பக்கம். பத்து முறை வீசினால் மணிக்கட்டு கெஞ்சும். போர்க்களத்தைவிடப் புதர் வெட்டவும் விறகு பிளக்கவுமே உகந்தது. பெயருக்காக ஒருநாள் உண்மையான முட்டைக்கோஸின் மேலும் இறக்கிப் பார்த்தேன். வெட்டவில்லை, ஆப்பு அடித்ததுபோல் பிளந்தது. சேகரிப்பாளர்கள் மன்னிக்க வேண்டும்.

நான் செய்த பெரிய பிழை வேறு. அம்மா புளி போட்டுக் குத்துவிளக்கு துலக்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வாங்கிய மாதமே பிடியையும் அப்படியே துலக்கிவிட்டேன். நூறாண்டுக்கும் மேலாகப் படிந்த பழுப்பு நிறம் அரை மணி நேரத்தில் போயிற்று. இப்போது பிடியின் வளைய வரிகளுக்கு நடுவேயுள்ள பள்ளங்களில் மட்டும் கருங்கோடாக மிச்சமிருக்கிறது. விரலால் தடவினால் மேடெல்லாம் புதுசு, பள்ளமெல்லாம் பழசு.

இதற்கு முந்தைய 1816 மாதிரி ஒன்றை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தேன். பிடி முழுக்க மீன் செதில் வேலைப்பாடு. அமெரிக்கர்களின் 1832 பீரங்கிப்படை வாளும் அந்த வழியில் வந்ததுதான். அழகு அதற்குத்தான். கைக்குள் வழுக்காமல் நிற்பது என்னுடையது.

தோலுறையை நம்பாதீர்கள். பதனிட்ட தோலிலுள்ள அமிலமும் அது உறிஞ்சும் ஈரமும் இரும்பைத் தின்றுவிடும். முதல் குளிர்காலம் முழுவதும் உறைக்குள்ளேயே விட்டதில் அலகில் மிளகளவு துருப்புள்ளிகள் விழுந்தன. தோலைத் தொடும் பித்தளைப் பூணில் பச்சைக் களிம்பும் ஏறியது. அதன்பின் வாள் தனி, உறை தனி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெல்லிய எண்ணெய் தொட்டுத் துடைக்கிறேன், கூர் தீட்டுவதில்லை.

உறையில்லாத வாள் இன்னும் மலிவாகக் கிடைக்கும். இன்று வாங்குவதாக இருந்தால் அதைத்தான் வாங்குவேன்.