விண்டோஸ் 10-க்குப் பிறகு: பழைய கணினிக்கு எந்த வழி எத்தனை நாள் தாங்கும்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகும் கோப்புகள் திறக்கின்றன, அச்சு எடுக்க முடிகிறது, இணையமும் வருகிறது என்பதால் எதுவும் மாறவில்லை என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. இனிமேல் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் பொறுப்பு தானாக யார் மேலும் இல்லை என்பதே மாற்றம். ஆகவே, இருக்கும் வழிகளை ஒப்பிடும்போது ஓட்டையை அடைப்பவர் யார், எந்தத் தேதி வரை அடைப்பார் என்ற இரண்டு கேள்விகளையே அளவுகோலாகக் கொள்கிறேன்.

ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்ற தைரியத்தில் அப்படியே தொடர்வதுதான் பலருடைய தேர்வு. அதற்குச் சாதகமாகச் சொல்ல ஒன்று உண்டு. விண்டோஸுடனேயே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கான நச்சுநிரல் அடையாளத் தொகுப்புகள் 2028 அக்டோபர் வரை வரும் என்றும், எட்ஜ் உலாவியும் குறைந்தது அதுவரை புதுப்பிக்கப்படும் என்றும் மைக்ரோசாஃப்ட் அறிவித்துள்ளது. ஆனால் ஆன்டிவைரஸ், வந்து சேரும் தீங்கை அடையாளம் கண்டு தடுக்கப் பார்க்குமே தவிர, இயங்குதளத்துக்குள் இருக்கும் பிழையைத் திருத்தாது. விண்டோஸ் 11-க்கு ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்கள் வெளியாகின்றன. திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பிழை எந்த இடத்தில் இருந்தது என்பது புலப்பட்டுவிடும். இரண்டு இயங்குதளங்களும் பெருமளவு ஒரே நிரல்களைப் பகிர்ந்துகொள்வதால், 11-இல் அடைபட்ட ஓட்டை 10-இல் திறந்தே கிடக்கும் வாய்ப்பு அதிகம். 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு திருத்தம் அடைத்த ஓட்டை வழியாகத்தான் மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாகிரை என்ற நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. அதில் சிக்கியவற்றுள் பெரும்பாலானவை ஆதரவு முடிந்திருந்த எக்ஸ்பி கணினிகள்கூட அல்ல, ஆதரவு இருந்தும் திருத்தத்தை நிறுவாமல் விடப்பட்ட விண்டோஸ் 7 கணினிகள். திருத்தம் கிடைத்தும் நிறுவாதவர்களின் கதியே அது என்றால், திருத்தமே வராத கணினியில் நெட்பேங்கிங் செய்வதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

அடுத்தது, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்கள் என்ற மைக்ரோசாஃப்டின் சொந்த ஏற்பாடு. வீட்டுப் பயனர்களுக்கென அறிவிக்கப்பட்ட ஓராண்டு 2026 அக்டோபர் 13-இல் முடிகிறது. 30 டாலர் கட்டலாம், மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளைப் பயன்படுத்துவோருக்குத் தரும் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 கொடுக்கலாம், அல்லது கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டு இலவசமாகப் பெறலாம். எந்த வழியில் சேர்ந்தாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம். கணினியில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-உம் இருக்க வேண்டும். இலவச வழியில் சேர்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அமைப்புகளைச் சேமிப்பது வேறு, படங்களையும் ஆவணங்களையும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவுக்கு அனுப்புவது வேறு. இரண்டாவதையும் சேர்த்து இயக்கிவிட்டால் இலவசமாகத் தரப்படும் 5 ஜிபி இடம் விரைவில் நிறைந்து, கூடுதல் இடத்தை வாங்கச் சொல்லும் அறிவிப்புகள் வரத் தொடங்கும். தாமதமாகச் சேர்ந்தாலும் அதற்கு முன் வெளியான திருத்தங்கள் கிடைத்துவிடும். ஒரே உரிமத்தை 10 கணினிகள் வரை பயன்படுத்தலாம். நிறுவனங்களுக்கான கட்டணம் வேறு. ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், பிறகு ஆண்டுதோறும் இரு மடங்கு, அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் என்பதால் மொத்தம் 427 டாலர் ஆகிறது. சிறிய அலுவலகம் ஒன்று அந்தத் தொகையைப் பழைய கணினிக்குக் கொட்டுவதில் அர்த்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டுப் பயனருக்கோ இதை மறுக்கக் காரணமே இல்லை. கிடைப்பது அவகாசம் மட்டும்தான் என்பது நினைவில் இருந்தால் போதும்.

விண்டோஸ் 11-க்கு மாறுவதைப் பொறுத்தவரை, தம் கணினி தகுதியற்றது என்று பலர் அவசரப்பட்டு முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன பிராசஸர், குறியாக்கச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0, கணினி தொடங்கும்போதே நிரல்களின் நம்பகத்தன்மையைச் சோதிக்கும் செக்யூர் பூட், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவை தேவை. இவற்றுள் டிபிஎம் இல்லை என்ற செய்தி வந்தால் அதை உடனே நம்பிவிடக் கூடாது. பல மதர்போர்டுகளில் அது இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில், இன்டெல் கணினியில் பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டி கணினியில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் அதைக் காணலாம். செக்யூர் பூட்டுக்கு வட்டு ஜிபிடி முறையில் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். அது பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், விண்டோஸுடனேயே வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி தரவை அழிக்காமல் மாற்றித் தரும், ஆனாலும் முன்னதாக ஒரு நகல் எடுத்து வைப்பது அவசியம். தகுதியுள்ள கணினிக்கு இதைவிடத் தெளிவான வழி வேறில்லை.

தகுதி இல்லாத கணினியில் நிறுவல் பென்டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் போன்ற கருவியால் தகுதிச் சோதனையைத் தாண்டி 11-ஐ நிறுவுவது வேறு விஷயம். நிறுவிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் செய்தி என்னவென்றால், விண்டோஸ் 11-இன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஹோம், ப்ரோ வகைகளில் 24 மாதங்களே ஆதரவு உண்டு. அடுத்த பதிப்பு இத்தகைய கணினிகளுக்குத் தானாக வருவதில்லை. எனவே அதே வேலையைத் திரும்பத் திரும்பக் கையால் செய்ய வேண்டியிருக்கும். மிகப் பழைய பிராசஸர்களில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு தொடங்கவே செய்யாது. தன் கணினியைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் செய்யலாம். பெற்றோரின் கணினியில் இதைச் செய்து வைத்துவிட்டு வெளியூர் போவது சரியல்ல.

2032 ஜனவரி வரை திருத்தங்கள் வரும் விண்டோஸ் 10 ஐஓடி எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 என்ற பதிப்பைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். காலம் என்னவோ நீளமானதுதான், ஆனால் அது கருவிகளில் பதித்து விற்பதற்கான உரிமம். சாதாரணப் பயனருக்குக் கடையில் கிடைப்பதில்லை. உரிமம் இல்லாத நகலை எங்கிருந்தோ இறக்கி நிறுவுவதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று அழைக்க முடியாது.

எஞ்சியிருப்பது விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ். அதன் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 ஏப்ரல் வரை திருத்தங்கள் செலவில்லாமல் வரும். எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர் பற்றி அதற்குக் கவலையும் இல்லை. உலாவி, மின்னஞ்சல், கடிதம் தட்டச்சு செய்வது ஆகியவற்றோடு முடியும் பயன்பாடு என்றால், தேதியை வைத்துப் பார்த்தாலும் செலவை வைத்துப் பார்த்தாலும் இதுவே முதலிடம் பெறுகிறது. தமிழ்99 விசைப்பலகையும் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகக் கிடைக்கிறது. தடை வேறிடத்தில் இருக்கிறது. டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்ட கணக்கு மென்பொருள். ஜெராக்ஸ் கடைகளிலும் சிறு அலுவலகங்களிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் கேனான் எல்பிபி 2900 பிரின்டரை லினக்ஸில் ஓட வைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆகவே மின்டைப் பென்டிரைவில் ஏற்றி, வட்டில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றையும் சோதித்த பிறகு முடிவெடுப்பதே முறை.

பழைய எழுத்துருக்களையும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளையும் நம்பியிருக்கும் டிடிபி கடையைப் போல, மேற்சொன்ன எதற்கும் மாற முடியாத இடங்களும் உண்டு. அங்கே இணைய கேபிளைக் கழற்றிவிட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டு, அந்த ஒரு வேலைக்கு மட்டும் கணினியை ஒதுக்குவது, ஆன்டிவைரஸை நம்பி இணையத்தில் இருப்பதைவிட மேலானது. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவை முதலில் ஆதரவில் உள்ள வேறொரு கணினியில் சோதித்து, தேவையான கோப்பை மட்டும் கடைக்குச் சொந்தமான பென்டிரைவில் எடுத்து வர வேண்டும். பணம் செலுத்துவது, மின்னஞ்சல் திறப்பது போன்றவற்றைப் புதுப்பிப்புகள் வந்துகொண்டிருக்கும் கைபேசியில் வைத்துக்கொள்ளலாம்.