பாலியேடிவ் ஓபி, மார்ஃபின் மாத்திரை – 5க்கு 4

அம்மாவோட கேன்சர் வலிக்கு எங்க ஊர் பக்கத்து ஆஸ்பத்திரி பாலியேடிவ் ஓபிக்குத்தான் (வலியக் குறைச்சு நோயாளிய நிம்மதியா வச்சுக்குற பிரிவு) போயிட்டு வர்றோம். வெளி மெடிக்கல்ல மார்ஃபின்னு, அதான் அந்த பலமான வலி மருந்து, கேட்டாலே ஒரு மாதிரி பாக்குறாங்க, ஸ்டாக்கும் கிடையாது, ஆனா 2014ல போதைப்பொருள கட்டுப்படுத்துற என்டிபிஎஸ் சட்டத்த திருத்துன பிறகு அங்கீகாரம் வாங்குன ஆஸ்பத்திரியே வச்சு குடுக்கலாம், இங்க அப்படித்தான் கிடைக்குது. 10 மில்லிகிராம் மாத்திரை, 4 மணி நேரத்துக்கு ஒண்ணு, வலி வரட்டும்னு காத்திருக்காம மணி பாத்து குடுக்கணும்னு நர்ஸக்கா சீட்டுல கடிகாரமே வரைஞ்சு காமிச்சாங்க. கூடவே மலச்சிக்கலுக்கு ஒரு மாத்திரை, அத விட்டீங்க செத்தீங்க. மொத ரெண்டு மூணு நாள் ஒரே தூக்கம், அப்புறம் அம்மா எழுந்து உக்காந்து சீரியல் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க.

"போதைக்கு அடிமையாயிட மாட்டாங்களே?"ன்னு சித்தப்பா கேட்டாரு. டாக்டர் எரிஞ்சு விழாம, வலிக்கு சொன்ன அளவுல குடுத்தா அந்த ரிஸ்க் கம்மி, ஆனா நீங்களா பட்டுனு நிறுத்திடாதீங்க, படிப்படியாத்தான் குறைக்கணும்னாரு.

ஒரு ஸ்டார் குறைச்சது பார்மசி கியூவுக்கு. உக்கார பெஞ்சு கூட இல்ல, முன்ன வாங்குன மாத்திரையோட காலி ஸ்ட்ரிப்ப மறந்துட்டு போனா திருப்பி அனுப்பிடுவாங்க, பையிலயே போட்டு வச்சுக்கோங்க.