சிக்கல் பட்டியல் காலியாக இருந்தது, சர்வர்கள் கண்காணிப்பிலேயே இல்லை: ஸாபிக்ஸ் மேம்படுத்தலில் ஏமாந்த கதை

சர்வர் கண்காணிப்பு மென்பொருளை நிறுவும் வேலையையோ மேம்படுத்தும் வேலையையோ வெளியாரிடம் ஒப்படைக்க இருப்பவர்கள், பாக்கித் தொகையைக் கொடுத்துக் கணக்கை முடிப்பதற்கு முன் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். சர்வர்களைக் கண்காணிக்க நாங்கள் பயன்படுத்தும் ஸாபிக்ஸ் மென்பொருளை 5.0 பதிப்பிலிருந்து 7.0 பதிப்புக்குக் கொண்டுசெல்ல ஒரு சேவை நிறுவனத்தை எங்கள் அலுவலகம் அமர்த்தியது. வேலை முடிந்துவிட்டதாக அவர்கள் அறிக்கை தந்தார்கள். டாஷ்போர்டில் சிக்கல் என்று ஒன்றுகூட இல்லை. முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டு போனார்கள். உண்மையில், டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதள வழங்கல்களில் ஓடும் எங்கள் சர்வர்கள் பெரும்பாலானவை அன்றிரவே கண்காணிப்பிலிருந்து விலகிவிட்டன. அது வெளியே தெரியாமல் இருப்பதற்கான ஏற்பாட்டையும் அவர்களே செய்துவைத்திருந்தார்கள்.

தரவுத்தளம் ஓடும் சர்வர் ஒன்றில் வட்டு நிரம்பி, எழுதும் பணிகள் எல்லாம் நின்றுபோனபோதுதான் விஷயம் வெளிவந்தது. வட்டு நிரம்புவதற்கு வெகுநேரம் முன்பே எச்சரிக்கை அனுப்ப வேண்டிய டிரிகர் (எச்சரிக்கையைத் தூண்டும் விதி) அமைதியாக இருந்தது. அந்த சர்வரின் அண்மைத் தரவுப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, ஒவ்வொரு அளவீட்டுக்கும் எதிரே இருந்த கடைசிப் பதிவு நேரம் மேம்படுத்தல் நடந்த இரவிலேயே நின்றிருந்தது. அதற்குப் பிறகு ஒரு மதிப்புகூட வந்து சேரவில்லை. தரவே வராத சர்வரைப் பற்றி ஸாபிக்ஸ் ஏன் குரல் கொடுக்கவில்லை என்று தேடியபோது, பராமரிப்புப் பகுதியில் விடை கிடைத்தது. டெபியன், உபுண்டு சர்வர்கள் அடங்கிய குழு முழுவதும் 'தரவு சேகரிப்பு இல்லாத பராமரிப்பு' என்ற வகையில் வைக்கப்பட்டிருந்தது. அதன் முடிவுத் தேதி ஓராண்டு தள்ளி இடப்பட்டிருந்தது. இந்த வகையில் வைத்துவிட்டால் ஸாபிக்ஸ் அந்த சர்வர்களிடமிருந்து எதையும் வாங்காது, அவை பேசவில்லையே என்று கேட்கவும் கேட்காது. பட்டியல் காலியாக இருந்ததன் காரணம் இதுதான். தணிக்கைப் பதிவில் அந்தப் பராமரிப்பை உருவாக்கிய கணக்கின் பெயரும் நேரமும் தெளிவாக இருந்தன. கணக்கு அந்த நிறுவனத்துக்கு நாங்கள் கொடுத்தது. நேரமோ, அவர்கள் அறிக்கை அனுப்புவதற்குச் சற்று முன்பு.

பராமரிப்பை நீக்கியதும் சில நிமிடங்களில் பக்கம் முழுவதும் சிவந்துவிட்டது. ஒவ்வொரு சர்வரிலும் இருந்துகொண்டு ஸாபிக்ஸுக்குத் தரவு தரும் சிறு நிரலான ஏஜென்டின் லாகை, அதாவது அதன் பதிவுக் கோப்பைப் பார்த்தால், ஸாபிக்ஸ் சர்வரிடமிருந்து வந்த இணைப்பு நிராகரிக்கப்பட்டது, அனுமதிக்கப்பட்ட முகவரி 127.0.0.1 (அந்த இயந்திரமே) மட்டுமே என்ற வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. தொகுப்போடு வரும் வெற்று அமைவுக் கோப்பில் இருக்கும் முகவரி அது. அதே கோப்பில் ஏஜென்டின் பெயரும் 'ஸாபிக்ஸ் சர்வர்' என்றே இருக்கும் என்பதால், தானாக முன்வந்து தரவு அனுப்பும் முறையில் அமைத்திருந்த சர்வர்களுக்கும் வழி அடைபட்டது.

இது எப்படி நேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பல லினக்ஸ் வழங்கல்களைக் கலந்து வைத்திருக்கும் எவருக்கும் இதே இடத்தில் அடி விழலாம். ரெட் ஹாட், ராக்கி, அல்மா போன்றவற்றில் ஆர்பிஎம் என்ற தொகுப்பு முறையில் மேம்படுத்தும்போது, நாம் திருத்திவைத்த அமைவுக் கோப்பு பொதுவாக அப்படியே இருக்க, புதியது 'ஆர்பிஎம்நியூ' என்ற பின்னொட்டோடு பக்கத்தில் வந்து உட்காரும். டெபியன் வழிவந்தவற்றில், திருத்தப்பட்ட கோப்பைக் கண்டால் பழையதை வைத்துக்கொள்ளவா, புதியதை இடவா என்று, தொகுப்புகளை நிறுவும் கருவியான டிபிகேஜி நின்று கேட்கும். அந்தக் கேள்வி வேலையை நிறுத்துகிறது என்பதற்காக, எப்போதும் புதியதையே இடு என்று கட்டாயப்படுத்தும் தேர்வைத் தங்கள் ஸ்கிரிப்டில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு ராக்கி சர்வரில் மட்டும் ஓட்டிப் பார்த்து, அது சரியாக வந்ததும் எல்லாவற்றிலும் ஏவிவிட்டார்கள் என்பதை அவர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள். கோப்பு மாறியது யாராலும் அல்ல, தானாக நடந்தது என்று முதலில் வாதிட்டவர்கள், டிபிகேஜி லாகில் அந்த அமைவுக் கோப்புக்கு நேராகப் புதியது நிறுவப்பட்டதாக நேரத்துடன் இருந்த வரியைக் காட்டியதும் பேச்சை மாற்றினார்கள். நல்லவேளையாக டிபிகேஜி பழைய கோப்பை வேறு பின்னொட்டோடு அதே அடைவில் விட்டுவைக்கும். எங்கள் அமைப்புகளை அதிலிருந்துதான் மீட்டோம்.

எல்லா ஏஜென்ட்களையும் ஒரே இரவில் மாற்றியே ஆக வேண்டும் என்று அவர்கள் சொன்னதும் பொய். பழைய ஏஜென்ட்கள் புதிய ஸாபிக்ஸ் சர்வரோடு பேசும். முதலில் சர்வரை ஏற்றிவிட்டு, ஏஜென்ட்களை வழங்கல் வழங்கலாகப் பொறுமையாக மாற்றலாம். ஏஜென்ட்களுக்கும் ஸாபிக்ஸ் சர்வருக்கும் நடுவே நின்று தரவைத் திரட்டி அனுப்பும் பிராக்ஸிகளுக்குத்தான் பதிப்புப் பொருத்தம் கண்டிப்பானது. ஒரே இரவு என்ற அவசரம் அவர்களுடைய ஆள் செலவைக் குறைப்பதற்காகவே சொல்லப்பட்டது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது காப்புநகல். ஸாபிக்ஸ் சர்வரின் புதிய பதிப்பு முதன்முறை எழும்போதே தரவுத்தளத்தின் கட்டமைப்பைத் தானாக மாற்றிவிடும். அதைத் திரும்ப இறக்க வழியில்லை. மேம்படுத்தலுக்கு முன் எடுத்த காப்புநகல் ஒன்றுதான் பின்வாங்கும் பாதை. அது ஒப்பந்தத்தில் தனி வரியாகவே இருந்தது. நாங்கள் கேட்டபோது ஒரு பெரிய கோப்பைக் கொடுத்தார்கள். அதைத் தனியிடத்தில் விரித்து, பதிப்பு எண்ணை வைத்திருக்கும் சிறிய அட்டவணையைப் பார்த்தால், 5000000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 7000000 என்று இருந்தது. அதாவது, மேம்படுத்தல் முடிந்த பிறகு எடுத்த நகலை முன்பே எடுத்ததாகக் காட்டியிருக்கிறார்கள். மறதி என்று இதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. வரலாற்று அட்டவணைகளுக்கு முதன்மைத் திறவுகோல் (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டுவது) சேர்க்கும் பணிக்கும் பணம் வாங்கியிருந்தார்கள். 6.0 முதல் புதிதாக நிறுவுவோருக்கு அது தானாகவே கிடைக்கும், பழைய பதிப்பிலிருந்து வருபவர்கள் கையால் செய்ய வேண்டும். எங்கள் அட்டவணைகளில் அது செய்யப்படவே இல்லை.

என்னை மிகவும் கலங்கவைத்தது பாதுகாப்பில் அவர்கள் காட்டிய அலட்சியம். இணைப்பு கிடைக்காமல் திண்டாடிய சில சர்வர்களில், அனுமதிக்கப்பட்ட முகவரியை 0.0.0.0/0 என்று எல்லோருக்கும் திறந்துவிட்டு, தொலைவிலிருந்து எந்தக் கட்டளையையும் ஓட்ட இடம்தரும் அனுமதியையும் சேர்த்திருந்தார்கள். ஏஜென்ட் இணைப்புக்குக் காத்திருக்கும் 10050 போர்ட்டை எட்டக்கூடிய எந்த இயந்திரமும் அந்த சர்வர்களில் ஏஜென்டின் பயனர் கணக்கில் விரும்பியதை ஓட்டலாம் என்பதே இதன் பொருள். தொகுப்புகளின் கையொப்பத்தைச் சோதிக்கும் சாவிகளைச் சரிசெய்ய நேரமெடுக்கும் என்று, டெபியன் வகை சர்வர்களுக்குத் தொகுப்புகளை இறக்கித்தரும் ஏபிடியின் களஞ்சிய வரியில் கையொப்பச் சோதனையையே அணைத்துவைத்திருந்தார்கள். ரெட் ஹாட் வகை சர்வர்கள் சிலவற்றில் ஸாபிக்ஸின் சொந்தத் தொகுப்புக்குப் பதிலாக, ஈபெல் என்ற கூடுதல் களஞ்சியத்தின் ஸாபிக்ஸ் தொகுப்பு ஏறியிருந்தது. ஈபெல் அமைவில் ஸாபிக்ஸ் தொகுப்புகளை விலக்கும்படி ஸாபிக்ஸின் ஆவணமே சொல்கிறது, அதைக்கூட அவர்கள் படிக்கவில்லை.

எங்களிடம் அவர்கள் கடைசியாகச் சொன்ன விளக்கம், "வேலை நடக்கும்போது வீண் எச்சரிக்கைகள் வரக்கூடாது என்று பராமரிப்பில் போட்டோம், எடுக்க மறந்துவிட்டது" என்பதுதான். ஓரிரவு வேலைக்கு ஓராண்டு எதற்கு என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. தொகையின் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள், இதுவரை தரவில்லை.

எனவே இத்தகைய வேலையை ஏற்றுக்கொள்வதற்கு முன், சிக்கல் பட்டியலைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஒவ்வொரு வழங்கலிலும் ஒரு சர்வரையாவது தேர்ந்தெடுத்து, அதன் ஏஜென்டை நீங்களே நிறுத்திப் பாருங்கள். எச்சரிக்கை உங்கள் கைப்பேசிக்கோ மின்னஞ்சலுக்கோ வந்து சேர வேண்டும். பராமரிப்புப் பட்டியலையும், முடக்கப்பட்ட டிரிகர்களையும், அண்மைத் தரவின் நேரங்களையும் உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து பாருங்கள், அவர்கள் அனுப்பும் படங்களில் அல்ல. காப்புநகலை வேலை தொடங்கும் முன்பே உங்கள் கையில் வாங்கி, விரித்துப் பதிப்பு எண்ணைச் சரிபார்த்த பிறகே மேலே செல்ல அனுமதியுங்கள். ஏற்கெனவே இப்படி ஏமாந்திருந்தால், தணிக்கைப் பதிவை இன்றே வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸாபிக்ஸின் துப்புரவுப் பணி குறிப்பிட்ட நாட்களுக்குப் பின் அதை அழித்துவிடும், டிபிகேஜி லாகும் சுழற்சியில் போய்விடும்.