கணுக்காலில் தகடு: 16 மாதம் கழித்து ஒரு முறைப்பாடு

களுவாஞ்சிகுடியில் என் மனைவியின் தம்பி மோட்டார் சைக்கிளோடு சரிந்து கணுக்காலை முறித்துக்கொண்டு படுத்திருக்கிறார். நேற்றிரவு தொலைபேசியில் ஒரே கேள்விதான்: "அத்தான், தகடு வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?" "யோசிக்காமல் வை" என்றேன். தொலைபேசியை வைத்த பிறகுதான், சொல்லாமல் விட்டது காலைக் குத்தியது. உண்மையாகவே குத்தியது, அப்போது நான் சீமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

என்னுடையது கிணற்றடி விபத்து. மாரி மழை, பாசி, கையில் வாளி. வலது கணுக்காலில் இரண்டு பக்கமும் புடைத்து நிற்கும் மொழி எலும்புகள் முறிந்தன. இப்போது எலும்பைப் பிடித்து வைக்க வெளிப்பக்கம் ஒரு உலோகத் தகடும் 6 ஆணிகளும், உட்பக்கம் 2 ஆணிகளும் இருக்கின்றன.

சேர்த்த அன்றே வெட்டுவார்கள் என்று நினைத்துச் சாப்பிடாமல் கிடந்தேன். 9 நாள் காக்க வைத்தார்கள். அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால் அது நியாயமான காத்திருப்பு: வீக்கம் வற்றித் தோலில் சுருக்கம் விழ வேண்டும், வீங்கி இறுகிய தோலை வெட்டித் தைத்தால் காயம் ஆறாமல் பிளக்கும், கிருமியும் தொற்றும். அந்த இடைவெளியில் மாமி எண்ணெய் போட்டுக் கட்டும் முறிவு வைத்தியரிடம் போவோம் என்று இரண்டு தரம் சொன்னார். சாதாரண நெரிவென்றால் போயிருப்பேன். மூட்டு ஓரிரு மில்லிமீற்றர் விலகிப் பொருந்தினாலும் பின்னாளில் தேயும் என்று வைத்தியர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய பிறகு, எண்ணெயை நம்ப மனம் வரவில்லை.

சத்திரசிகிச்சை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே மரக்கட்டை. துளை போடும் சத்தம் கேட்டது, தச்சுப் பட்டறை வாசலில் நிற்பது போல. 2 வாரத்தில் தையல் பிரித்தார்கள். 6 வாரம் கால் நிலத்தில் படக்கூடாது என்றார்கள். அந்த 6 வாரம்தான் உண்மையான சிகிச்சை. காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்தால் வீக்கம் இறங்கும், தொங்கப்போட்டால் கால் ஊதா நிறமாகும். கிணற்றடியில் பொலித்தீன் பையால் காலைச் சுற்றிக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து குளித்தேன். அந்தக் கதிரைக்கு நான் பட்ட கடன் பெரிது. கட்டு அவிழ்த்த பிறகு பழைய சாரத்தைப் பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுக்கும் பயிற்சி. கண்ணீர் வரும், ஆனால் கால் மடங்கத் தொடங்கியது அதனால்தான். கெண்டைக்கால் பிள்ளையின் கை அளவுக்கு மெலிந்துபோனதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், திரும்பி வரும். மாலையில் வீங்குவது ஒரு வருடத்துக்குக் கிட்ட நீடித்தது. பாதத்தின் மேற்புறத்தில் ஒரு முத்திரை அளவு இடம் இன்னும் மரத்தே கிடக்கிறது.

இதையெல்லாம் முன்கூட்டியே சொன்னார்கள். நீரிழிவு உண்டா, புகைக்கிறீரா, சப்பாத்து எப்போது போடலாம், பிரேக் எப்போது மிதிக்கலாம், எல்லாம் சொன்னார்கள். சம்மணம் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

சம்மணமிட்டால் நிலத்தில் அழுந்துவது எது? வெளி மொழி எலும்பு. அங்கே சதை இல்லை. தோல், அதன் கீழே ஆணித் தலை, அவ்வளவுதான். சப்பாத்துப் போடுகிறவனுக்குத் தகடு அவ்வளவு பெரிய பிரச்சினை அல்ல. பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு, செத்த வீட்டில் இரவு முழுக்கத் தரையில் இருக்கிறவனுக்கு, அது நாள்தோறும் ஒரு கல். 16 மாதமாகப் பந்தியில் எனக்கு மட்டும் கதிரை. பெரியவர்கள் கீழே இருக்க நான் உயரத்தில் இருந்து சாப்பிடுகிறேன். அந்தச் சோறு தொண்டையில் இறங்குவதில்லை.

மணல் மட்டும் என்னை மன்னித்துவிட்டது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்குப் போய், பழக்கதோஷத்தில் வீதி மணலில் சம்மணமிட்டு விட்டேன். குத்தவில்லை. மொழி எலும்பு மணலுக்குள் புதைந்துகொண்டது. நோவு வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், வரவில்லை. முன்பு மணலாய் இருந்த முற்றத்துக்கெல்லாம் மாபிள் பதிக்கிறவர்களிடம் எனக்குச் சொந்தமாக ஒரு வழக்கு உண்டு, அதை இங்கே எடுக்கவில்லை.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நடந்து கடக்கிறேன், நொண்டாமல். சைக்கிள் மிதிக்கிறேன். அந்தத் தகடு இல்லாவிட்டால் இன்று தடியோடுதான் திரிந்திருப்பேன்.

கழற்றலாமா என்று கிளினிக்கில் கேட்டேன். எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டது, கழற்றலாம் என்றார்கள். மறுபடியும் ஊசி, மறுபடியும் தையல், ஆணித் துளைகள் நிரம்பும் வரை கவனம். கழற்றினால் நோவு முற்றாகப் போகும் என்று உறுதியும் தரவில்லை. வீட்டில் எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள். நன்றாக நடக்கிற காலை யாராவது மறுபடி வெட்டுவார்களா என்று மாமி கேட்கிறார். அவர் கேட்பது சரிதான்.

மச்சானுக்கு இன்று காலை அழைத்துச் சம்மணக் கதையையும் சொன்னேன். "பிறகும் வைக்கத்தான் சொல்கிறீர்களா, அத்தான்?" என்றார். வைக்கத்தான் சொன்னேன். என்னுடையதைக் கழற்ற ஆவணியில் திகதி எடுத்துவிட்டேன்.